சராசரி சொல்லாதவை

கரோனா தீநுண்மி உலகை முடக்கிப் போட்டிருந்த 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று, ராபர்ட் மே என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் தமது 84-ஆவது வயதில் இங்கிலாந்தில் காலமானார். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தொற்றச் செய்கிறார் என்பதைக் குறிக்கும் 'ஆர்' எண், அந்நாள்களில் தங்கம் விலையைப்போலச் செய்திகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த எண்ணை நோய்ப்பரவல் ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அவர். அதே எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம் என்பதைக் கணிதத்தின் வழியே காட்டியவரும் அவரே.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த நான், ஓர் உயிரியல் அறிஞரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் துறை சராசரிகளால் கட்டப்பட்டது. தனிநபர் வருமானம், சராசரி விளைச்சல், சராசரி நுகர்வு என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் பழகிவிட்டோம். பூச்சிகளின் நடத்தையில் தொடங்கி, குடற்புழு, தட்டம்மை, எய்ட்ஸ் என்று நகர்ந்து, இறுதியில் வங்கிகள் வரை வந்து சேர்ந்த ராபர்ட் மேயின் ஆய்வுப் பயணம், சராசரி எதை மறைக்கிறது என்ற ஒரே கேள்வியைப் பல இடங்களில் எழுப்பிப் பார்த்த பயணமாகவே எனக்குத் தோன்றுகிறது.

அவர் 1936-இல் சிட்னியில் பிறந்தவர். படித்தது இயற்பியல், முனைவர் பட்டம் பெற்றது மீக்கடத்துத்திறன் பற்றிய ஆய்வுக்காக. முப்பத்து மூன்று வயதிலேயே சிட்னி பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரானார். அத்தகையவர் திடீரென்று விலங்குகளின் எண்ணிக்கை பற்றி யோசிக்கத் தொடங்கினார். அறிவியலாளரின் சமூகப் பொறுப்பு குறித்து அன்று சிட்னியில் நடந்த விவாதங்கள் அவரைச் சூழலியல் நூல்களின் பக்கம் திருப்பின. 1973-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரை விலங்கியல் பேராசிரியராகவே நியமித்தது. விலங்கியலில் பட்டம் எதுவும் பெறாத ஒருவருக்கு விலங்கியல் பேராசிரியர் பதவி! நம் நாட்டுப் பல்கலைக்கழகத் தேர்வுக் குழு ஒன்றில் இந்த விண்ணப்பம் முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்றைய சூழலியலில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. உயிரினங்களின் வகை எவ்வளவு கூடுகிறதோ, அவற்றுக்கிடையிலான உறவுகள் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றனவோ, அந்த அளவுக்கு அந்தச் சூழலமைப்பு நிலையானது என்பதே அது. ஒரே பயிர் விளையும் வயலில் பூச்சி விரைவாகப் பெருகுவதும், பல்வகை மரங்கள் நிறைந்த மழைக்காட்டில் அவ்வாறு நேராததும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. கேட்பதற்கு மிகவும் நியாயமான கருத்து. 1972-இல் 'நேச்சர்' இதழில் வெளியான, இரண்டே பக்க அளவிலான கட்டுரையில் ராபர்ட் மே அதைக் கணிதச் சோதனைக்கு உட்படுத்தினார். உயிரினங்களுக்கிடையிலான உறவுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல எழுந்தமானமாக அமைத்துப் பார்த்தால், உயிரினங்களின் எண்ணிக்கையோ, இணைப்புகளின் அடர்த்தியோ, உறவின் வலிமையோ ஒரு வரம்பைத் தாண்டியதும் அந்த அமைப்பு நிலைகுலைந்து போகும் என்பதே அவர் கண்ட முடிவு.

மழைக்காடுகள் நிலையற்றவை என்று அவர் சொல்லவில்லை. சிக்கலான அமைப்பு என்பதனாலேயே அது நிலையானதாகிவிடாது. இயற்கையில் நிலைத்து நிற்கும் காடுகள் ஏதோ ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பின் காரணமாகவே நிற்கின்றன. அந்தக் கட்டமைப்பு எது என்று தேடுங்கள் என்பதே அவர் விடுத்த அறைகூவல். ஐம்பது ஆண்டுகளாகச் சூழலியலாளர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து வந்ததுதான் அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த 1976-ஆம் ஆண்டுக் கட்டுரை. அதிலுள்ள சமன்பாட்டைப் பத்தாம் வகுப்பு மாணவரும் கணிப்பானை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பூச்சியினத்தின் எண்ணிக்கையை, அந்த இடம் தாங்கக்கூடிய அளவின் பின்னமாக, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்து, வரும் விடையை அதே எண்ணால் பெருக்கி, அதனை ஒரு பெருக்க விகிதத்தால் மீண்டும் பெருக்கினால் அடுத்த தலைமுறையின் எண்ணிக்கை கிடைக்கும். இவ்வளவுதான் சமன்பாடு.

பெருக்க விகிதம் 2 என்று வைத்து 0.2-இல் தொடங்கினால் 0.32, 0.44, 0.49 என்று உயர்ந்து 0.5-இல் அமைதியாக நிலைகொள்கிறது. விகிதத்தை 3.2 ஆக்கினால் எண்ணிக்கை ஓரிடத்தில் நிற்பதில்லை, ஓராண்டு 0.80, மறு ஆண்டு 0.51 என மாறி மாறி ஊசலாடுகிறது. மேலும் உயர்த்தினால் நான்காண்டுச் சுழற்சி, எட்டாண்டுச் சுழற்சி என்று இரட்டித்துக்கொண்டே போய், ஏறத்தாழ 3.57-ஐத் தாண்டியதும் ஒழுங்கே இல்லாத ஆட்டம் தொடங்கிவிடுகிறது. விகிதத்தை 3.9 என்று வைத்துக்கொண்டு, ஒரு கணக்கை 0.200-இலும் மற்றொன்றை 0.201-இலும் தொடங்கிப் பாருங்கள். முதல் சில தலைமுறைகள் இரண்டும் கைகோத்து நடக்கும். பத்தாவது தலைமுறையில் ஒன்று 0.10, மற்றொன்று 0.24. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இரு மடங்குக்கும் மேலான வேறுபாடாக வளர்ந்துவிட்டது. இதில் தற்செயல் எதுவும் இல்லை. விதி முற்றிலும் திட்டவட்டமானது. ஆயினும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

எங்கள் துறையினருக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. இந்த ஆண்டு வெங்காய விலை உயர்ந்தால் அடுத்த பருவத்தில் எல்லோரும் வெங்காயம் போடுகிறார்கள், விலை வீழ்கிறது, அதற்கடுத்த பருவத்தில் யாரும் போடுவதில்லை, விலை மீண்டும் ஏறுகிறது. பெரம்பலூர்ச் சின்ன வெங்காய விவசாயி பட்டறிவால் அறிந்த இதனைச் 'சிலந்தி வலை' மாதிரி என்ற பெயரில் நாங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டுவோம். ஆனால், விலை இறுதியில் சமநிலைக்கு வந்து சேரும் படத்தைத்தான் பெரும்பாலும் பெரிதாக வரைவோம். அந்தக் கட்டுரையின் முடிவில் ராபர்ட் மே, இச்சமன்பாட்டை மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதோடு, எளிய விதிகள் எளிய விளைவுகளையே தரும் என்ற நினைப்பு அரசியலிலும் பொருளாதாரத்திலும்கூட விலக வேண்டும் என்றும் எழுதினார். பாடத்திட்டம் வகுப்போர் அதைப் படித்ததற்கான அறிகுறி தென்படவில்லை.

இனி நோய்களின் பக்கம் வருவோம். அதற்கான வழி ஒரு சிறு குளவியின் நடத்தை வழியாகச் செல்கிறது.

கரும்பில் தண்டுத் துளைப்பானைக் கட்டுப்படுத்த, டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை நம் விவசாயிகள் தோகையில் கட்டிவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இத்தகைய ஒட்டுண்ணிக் குளவிகள் மற்றொரு பூச்சியின் முட்டைக்குள்ளோ புழுவுக்குள்ளோ தம் முட்டையை இட்டு அதைக் கொல்கின்றன. இவ்விரண்டின் எண்ணிக்கையையும் கணிக்க நிகல்சன், பெய்லி ஆகியோர் 1935-இல் ஒரு மாதிரியை உருவாக்கினர். குளவிகள் வயல் முழுவதும் சமமாக, எழுந்தமானமாகத் தேடுகின்றன என்பது அதன் அடிப்படை. அந்த மாதிரியின்படி இரண்டின் எண்ணிக்கையும் மேலும் மேலும் பெரிதாக ஊசலாடி, இறுதியில் அழிந்துபோக வேண்டும். இயற்கையிலோ அவை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உடன்வாழ்கின்றன.

பிரிட்டிஷ் பூச்சியியலாளர் மைக்கேல் ஹாசலுடன் இணைந்து 1974-இல் ராபர்ட் மே அளித்த விளக்கம் இது: குளவிகள் சமமாகத் தேடுவதில்லை. இரை மிகுந்த இடங்களில் கூடுகின்றன. பிற இடங்களை விட்டுவிடுகின்றன. அதனால் ஒரு சில பூச்சிகள் ஆபத்தில்லாத மூலைகளில் தப்பிப் பிழைக்கின்றன. அந்தச் சமமின்மையே இரண்டு இனங்களையும் வாழவைக்கிறது. சராசரித் தாக்குதல் விகிதம் இரண்டு நிலைகளிலும் ஒன்றாகவே இருக்கலாம். அது எவ்வாறு பகிர்ந்து விழுகிறது என்பதில்தான் வாழ்வும் அழிவும் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் கோடைக் காலங்களைக் கழித்தபோது, ராய் ஆண்டர்சன் என்ற ஒட்டுண்ணியியல் அறிஞரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. குளவிக்குப் பயன்பட்ட அதே கணக்கு குடற்புழுவுக்கும் பயன்பட்டது. ஓர் ஊரில் பெரும்பாலோரின் வயிற்றில் புழு இல்லாமலோ, ஒன்றிரண்டாகவோ இருக்கும். மிகச் சிலரிடம் மட்டும் மிகுந்து கிடக்கும். 1978, 1979-ஆம் ஆண்டுகளில் இருவரும் எழுதிய கட்டுரைகள், விலங்குகளின் எண்ணிக்கையை உணவும் எதிரியும் மட்டுமன்றி நோயும் கட்டுப்படுத்துகிறது என்பதைச் சூழலியலின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தன. அதுவரை மருத்துவர்கள் நோயைப் பார்த்தனர். சூழலியலாளர்கள் விலங்கைப் பார்த்தனர். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் எழுதியவர்கள் இவர்கள்.

நோய்ப்பரவல் கணிதத்தின் வேர்கள் இதற்கும் முந்தையவை. அவை நம் நாட்டிலும் ஓடியவை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897-இல் செகந்தராபாத்தில் உறுதி செய்த ரொனால்ட் ராஸ், கொசுக்கள் அனைத்தையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு வரம்புக்குக் கீழே குறைத்தாலே போதும் என்று பின்னர்க் கணிதத்தால் வாதிட்டார். இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கிய மெக்கென்ட்ரிக், ஆய்வக விபத்தில் பார்வையிழந்த கெர்மாக் என்ற வேதியியலாளருடன் இணைந்து 1927-இல் வகுத்த சமன்பாடுகளே இன்றைய மாதிரிகள் பலவற்றுக்கு அடித்தளம். அதை அவர்கள் சரிபார்த்தது பம்பாயில் 1905-06-இல் பரவிய பிளேக் நோயின் இறப்புக் கணக்கைக் கொண்டுதான்.

தம் தாய்நாட்டு முயல்களிடமிருந்து ராபர்ட் மே கற்ற பாடம் தனிச்சுவை உடையது. ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களை அழித்துவந்த முயல்களைக் கொல்வதற்காக 1950-இல் மிக்சோமா என்ற தீநுண்மி வேண்டுமென்றே பரப்பப்பட்டது. தொடக்கத்தில் தொற்றுண்ட நூறு முயல்களில் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மடிந்தன. சில ஆண்டுகளில் வீரியம் குறைந்த வகைகள் பெருகின. இதைக் கண்டவர்கள், எந்த நோய்க்கிருமியும் காலப்போக்கில் சாதுவாகிவிடும் என்ற பழைய கருத்துக்குச் சான்று கிடைத்ததாக நினைத்தனர். 1982-இல் ஆண்டர்சனும் மேயும் கணக்கிட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. முயலை மிக விரைவில் கொல்லும் தீநுண்மிக்கு, கொசு வழியே அடுத்த முயலுக்குத் தாவப் போதிய நாள்கள் கிடைப்பதில்லை. மிகவும் சாதுவான வகையை முயலின் உடல் விரைவில் வென்று வெளியேற்றிவிடுகிறது. ஆகவே இடைநிலை வீரியமே பரவலுக்கு ஏற்றது. முயல்களிடையே நிலைபெற்றதும் அதுவே. அந்த இடைநிலை வகையும்கூடத் தொற்றிய முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கொல்லக்கூடியதாகவே இருந்தது. 'தீநுண்மி தானாகவே பலவீனமாகிவிடும்' என்று கரோனா காலத்தில் நம்மில் பலர் நம்பிக்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது, எனக்கு இந்த முயல்களே நினைவுக்கு வந்தன.

தடுப்பூசிக் கணக்கில்தான் பொருளியலுக்கு மிக நெருக்கமான பகுதி இருக்கிறது. எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றச் செய்வார். அந்த எண்ணை ஒன்றுக்குக் கீழே இறக்க வேண்டுமானால், மக்களில் 92 முதல் 94 சதவீதம் பேர் எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். எஞ்சிய சிலர் ஊசி போடாமலே பாதுகாப்புப் பெறுவார்கள். ஒருவர் செலவழித்து மற்றவர் பயன்பெறும் இதனைப் 'புறவிளைவு' என்போம்.

ரூபெல்லா நோயில் இந்தப் புறவிளைவு எதிர்ப்பக்கமாகவும் திரும்பக்கூடும். குழந்தைகளுக்கு அது சாதாரணக் காய்ச்சல், தடிப்புகளோடு போய்விடும். கருவுற்ற தாய்க்குத் தொடக்க மாதங்களில் வந்தாலோ, பிறக்கும் குழந்தை பார்வையையும் செவித்திறனையும் இழக்கலாம். இதயக் கோளாறும் நேரலாம். ஓர் ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் தடுப்பூசி போட்டால் என்ன நேரும்? கிருமியின் நடமாட்டம் குறையும். ஊசி போடாத பெண் குழந்தை, சிறுவயதில் அந்நோயைச் சந்திக்காமலே வளர்ந்து, இருபது வயதுக்கு மேல், தாய்மைக் காலத்தில் அதைச் சந்திக்க நேரிடும். அதாவது அரைகுறையாகப் போட்ட தடுப்பூசி, தொற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே ஊனத்துடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம்.

1980-களில் ஆண்டர்சனும் மேயும் இதனை எச்சரிக்கையாகவே எழுதினர். பிரிட்டன் 1970 முதல் பள்ளிச் சிறுமியருக்கு மட்டும் ரூபெல்லா ஊசி போட்டுவந்தது. குழந்தைகள் அனைவருக்கும் போடும் முறைக்கு 1988-இல்தான், உயர்ந்த இலக்குடன், மாறியது. கிரீஸ் நாட்டிலோ 1975 முதல் குழந்தைகளுக்கு ஊசி அறிமுகமானது. ஆனால் 1980-கள் முழுவதும் பாதிக் குழந்தைகளைக்கூட அது சென்றடையவில்லை. 1993-இல் இளம்பெண்களிடையே நோய் பரவி, 25 குழந்தைகள் பிறவி ரூபெல்லா பாதிப்புடன் பிறந்தன. கணிதம் காட்டிய அதே பள்ளம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட சிறார் வரை எல்லோருக்கும் ஒரே வீச்சில் ஊசி போட்டதன் பின்னணியில் இந்தக் கணக்கு இருக்கிறது. சமூக ஊடக வதந்திகளை நம்பி அப்போது தயங்கிய பெற்றோர்களிடம், "உங்கள் குழந்தைக்கு நல்லது" என்று மட்டுமே சொல்லப்பட்டது. அரைகுறையாக நின்றால் அடுத்த தலைமுறைக்குக் கேடு என்பதையும் விளக்கிச் சொல்லியிருந்தால் பலர் புரிந்துகொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நம் மக்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

எய்ட்ஸ் நோய் பற்றி 1987-இல் இவ்விருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் சராசரியின் குறை அப்பட்டமாக வெளிப்பட்டது. நூறு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறு பேருக்குத் தலா ஒரு துணை. பத்துப் பேருக்குத் தலா பதினொரு துணைகள். சராசரி இரண்டு. கேட்பவர் கவலைப்பட ஏதுமில்லை என்றே நினைப்பார். ஆனால், அதிகத் தொடர்பு உடையவருக்கே தொற்று எளிதில் வந்து சேர்கிறது; அவரிடமிருந்தே அது அதிகம் வெளியேறுகிறது. ஆகவே, சராசரியோடு, பள்ளிப் பாடநூல் 'விலக்க வர்க்கச் சராசரி' என்று குறிப்பிடும் அளவைச் சராசரியால் வகுத்துக் கூட்ட வேண்டும் என்றனர் அவர்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் விலக்க வர்க்கச் சராசரி 9. அதனை இரண்டால் வகுக்க 4.5, இரண்டோடு கூட்ட 6.5. நோய் காணும் சமூகம், சராசரி காட்டும் சமூகத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் நெருக்கமானது.

அடுத்த ஆண்டே, வளரும் நாடுகள் சிலவற்றில் எய்ட்ஸ் நோயால் மக்கள்தொகைப் பெருக்கமே வீழ்ச்சியாக மாறக்கூடும் என்று அவர்கள் கணித்தனர். தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகள் பலவற்றில் சராசரி ஆயுள் பத்தாண்டுகளுக்கும் மேல் சரிந்தது உண்மை. ஆனால், ஆப்பிரிக்கக் கண்டத்தின் மக்கள்தொகை குறையவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. மக்களின் நடத்தையும் மாறியது. இதைக் கொண்டு கணக்கு பொய்த்தது என்று கேலி செய்வோர் உண்டு. 'இப்படியே போனால்' என்ற சொற்றொடரை நீக்கிவிட்டுப் படிப்பவர்களுக்கு எல்லாக் கணக்கும் பொய்க்கும்.

விலங்குகளின் நடத்தை அவரை மீண்டும் ஒருமுறை ஈர்த்தது. ஏமாற்றுபவனுக்கே ஆதாயம் என்ற நிலையில் ஒத்துழைப்பு எவ்வாறு தோன்றியது என்பது டார்வின் காலத்துப் புதிர். மார்ட்டின் நோவாக் என்ற இளம் ஆய்வாளருடன் 1992-இல் அவர் சதுரங்கப் பலகை போன்ற ஒரு பரப்பை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒத்துழைப்பவர் அல்லது ஏமாற்றுபவர். ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தாரோடு மட்டும் ஆடுகிறார். பிறகு அண்டையில் அதிகம் ஈட்டியவரைப் பின்பற்றுகிறார். நினைவாற்றலோ சூழ்ச்சியோ இல்லை. எல்லோரும் எல்லோரோடும் கலந்து ஆடினால் ஏமாற்றுபவர்களே வெல்வார்கள். அண்டையரோடு மட்டும் ஆடும்போது, ஒத்துழைப்பவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஏமாற்றுபவர்களோடு முடிவில்லாமல் உடன்வாழ்கிறார்கள். குளவி விட்டுவைத்த மூலைகளை இங்கே மீண்டும் காண்கிறோம்.

1995 முதல் 2000 வரை பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராகவும், அதன்பின் 2005 வரை ராயல் சொசைட்டியின் தலைவராகவும் அவர் இருந்தார். 'மேட் கவ்' எனப்பட்ட மாட்டு நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று அந்நாட்டு அரசு 1996 மார்ச்சில் அறிவித்தபோது, அதுவரை 'அச்சப்பட ஒன்றுமில்லை' என்று கூறிவந்த அரசின்மீது மக்களின் நம்பிக்கை தகர்ந்தது. மறு ஆண்டு அவர் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அரசுக்கு வெளியேயுள்ள மாறுபட்ட கருத்தினரையும் கேட்க வேண்டும், சான்றுகளை வெளியிட வேண்டும், உறுதியற்றதை உறுதியற்றது என்றே மக்களிடம் சொல்ல வேண்டும் என்று கூறின. எந்த நாட்டு அமைச்சருக்கும் எளிதில் செரிக்காத அறிவுரை.

கணித மாதிரிகள் எப்போதும் நன்மையே செய்தன என்று நான் சொல்ல வரவில்லை. 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது, ஆண்டர்சன் உள்ளிட்டோரின் மாதிரிகளை நம்பி, நோய் கண்ட பண்ணைகளை ஒட்டிய பண்ணைகளின் கால்நடைகளும் கொல்லப்பட்டன. கொல்லப்பட்ட ஆடு மாடுகள் மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல். பண்ணைக்குப் பண்ணை வேறுபடும் நிலவமைப்பையும் தொழுவ முறைகளையும் மாதிரிகள் கணக்கில் கொள்ளவில்லை என்று கால்நடை மருத்துவர்கள் பலர் கடுமையாகக் குறைகூறினர். தனித்தன்மையைத் தொலைத்த சராசரிப் பண்ணை ஒன்று, அங்கே உண்மைப் பண்ணைகளின் விதியை நிர்ணயித்தது என்பதே அவர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன்.

எழுபது வயதைக் கடந்தபின் ராபர்ட் மே எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார். 2008 பிப்ரவரியில், லேமன் பிரதர்ஸ் வீழ்வதற்கு ஏழு மாதங்கள் முன்னதாக, சைமன் லெவின், ஜார்ஜ் சுகிஹாரா ஆகியோருடன் வங்கியாளர்களுக்கான சூழலியல் என்ற பொருளில் 'நேச்சர்' இதழில் எழுதினார். அமெரிக்க மைய வங்கியின் பணப்பரிமாற்ற வலையமைப்பில் ஆயிரக்கணக்கான வங்கிகள் இருந்தாலும், பரிமாற்ற மதிப்பில் 75 சதவீதம் வெறும் 66 வங்கிகளுக்கிடையே நடந்தது. அவற்றுள் 25 வங்கிகள் ஒவ்வொன்றும் மற்ற இருபத்து நான்கோடும் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தன என்ற ஆய்வு முடிவை அது எடுத்துக்காட்டியது. 2011-இல் இங்கிலாந்து வங்கியின் ஆண்ட்ரூ ஹால்டேனுடன் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமாகச் சென்றது. ஒவ்வொரு வங்கியும் தன் இடரைக் குறைக்கப் பலவகைச் சொத்துகளில் முதலீட்டைப் பரப்புகிறது. எல்லா வங்கிகளும் அதே பலவகையைச் செய்தால், எல்லாம் ஒன்றுபோலாகிவிடுகின்றன. தனித்தனியே நோக்கினால் பாதுகாப்பு. ஒட்டுமொத்தமாக நோக்கினால் ஒரே பயிர் விளையும் வயல்.

அதுவரை ஒழுங்குமுறையாளர்கள் வங்கிகளைத் தனித்தனி நோயாளிகளைப்போலவே சோதித்துவந்தனர். நிதி நெருக்கடிக்குப் பின் அமைப்பு முழுமைக்கும் முக்கியமான வங்கிகளுக்குக் கூடுதல் மூலதனம் வேண்டும் என்ற விதி உலகளவில் வந்தது. நம் ரிசர்வ் வங்கியும் 2015-இல் பாரத ஸ்டேட் வங்கி, ஐசிஐசிஐ ஆகியவற்றையும், 2017-இல் எச்டிஎஃப்சி வங்கியையும் அப்பட்டியலில் சேர்த்தது. ஆனால், 2018-இல் அதிர்ச்சி வந்தது வங்கியிலிருந்து அன்று. ஐஎல்எஃப்எஸ் என்ற வங்கிசாரா நிறுவனம் கடன் தவணை தவறியதிலிருந்து. மூலையில் இருப்பதாக எண்ணியது, உண்மையில் பல கோடுகள் சந்திக்கும் முடிச்சாக இருந்தது.

ராபர்ட் மே மறைந்து ஐந்து மாதங்களுக்குப் பின், 2020 செப்டம்பர் இறுதியில், 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அவர் பணியாற்றிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள், தமிழ்நாடு, ஆந்திர அரசு அலுவலர்களோடு இணைந்து நடத்தியது அது. நம் சுகாதார ஆய்வாளர்களும் களப்பணியாளர்களும் வீடு வீடாகச் சென்று எழுதிவைத்த தொடர்புப் பதிவேடுகளே அதன் மூலப்பொருள். ஏறத்தாழ 85,000 கரோனா நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த ஐந்தே முக்கால் லட்சம் பேர். உலகில் அதுவரை நடந்தவற்றுள் மிகப் பெரிய தொடர்பறி ஆய்வு அதுவாகும். அந்த நோயாளிகளில் சுமார் 71 சதவீதம் பேர், கண்டறியப்பட்ட தம் தொடர்புகளில் ஒருவருக்குக்கூட நோயைத் தரவில்லை. வெறும் 8 சதவீதத்தினர் புதிய தொற்றுகளில் 60 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தனர். அந்த 8 சதவீதத்தினரும் யாரோடு எங்கே பயணம் செய்தார்கள், எவ்வளவு நேரம் அருகருகே அமர்ந்திருந்தார்கள் என்பவை, மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் உறங்கும் அந்தப் பதிவேடுகளில் இருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களின் புள்ளியியல், பொருளியல் துறை மாணவர்களின் கைக்கு, பெயர்களை நீக்கிய வடிவில், அவை வந்து சேர்வதற்கு ஓர் அரசாணை போதும்.